எரிந்த பக்கம்

காடிலாக் மலை உச்சியில் அந்த அதிகாலையில் நூறு பேருக்குக் குறையாமல் நின்றிருந்தோம். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. முன்னால் நின்றவரின் முதுகுப்பை தெரிந்தது, அதற்கு அப்பால் வெறும் வெள்ளை. மடக்கு நாற்காலி போட்டுக் கம்பளியைத் தலையோடு போர்த்தி உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம், திரை தூக்காத நாடகக் கொட்டகையில் காத்திருப்பதுபோலக் கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. மணி 6:40-ஐத் தாண்டியதும் அந்த வெள்ளை சற்றே வெளிச்சமான வெள்ளையாக மாறியது. சூரியன் உதித்துவிட்டதை மகளின் போன்தான் சொன்னது.

"இதுக்காடி நாலரை மணிக்கு எழுப்புன?" என்றாள் என் மனைவி.

அக்டோபர் 7 முதல் மார்ச் 6 வரை அமெரிக்காவில் சூரியன் முதலில் தொடும் இடம் இந்த உச்சி என்பது கணக்கு. மெய்ன் மாநிலத்தின் மவுண்ட் டெசர்ட் தீவில், அகேடியா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. உயரம் 466 மீட்டர். நம் திருவண்ணாமலையே இதைவிட உயரம். ஆனால் இது கடலோரத்திலிருந்தே கிளம்பி நிற்கிற மலை. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரை நெடுக இதைத் தாண்டித் தலைதூக்கிய மலை வேறில்லை. அதனால் கூட்டம். 2021 முதல் காரில் மேலே ஏறுவதற்கு முன்பதிவு வேண்டும். சீட்டில் ஒரு பங்கை 90 நாள் முன்பே விற்றுவிடுகிறார்கள். மீதியை இரண்டு நாள் முன்னதாகக் காலை பத்து மணிக்குத் திறப்பார்கள். பாஸ்டனில் வேலை பார்க்கும் மகள், அலுவலகக் கூட்டத்துக்கு நடுவே மேசைக்கடியில் போனை வைத்து அதைப் பிடித்தாள். திருப்பதி தரிசன டிக்கெட் எடுத்துப் பழகிய குடும்பத்துக் கை.

ஏழேகால் வாக்கில் பாதிப் பேர் இறங்கிப் போய்விட்டார்கள். பிளாஸ்கில் மிச்சமிருந்த காப்பிக்காக நாங்கள் நின்றோம். மூடுபனிக்குள் பார்க்கக் கிடைத்தது காலடி மட்டும்தான், அதனால் காலடியைப் பார்த்தேன். பாறை இளஞ்சிவப்பு. கருங்கல் என்று சொல்ல வாய் வரவில்லை. உப்பும் மிளகும் தூவிய மாதிரிப் பொடிப்பொடியான கறுப்புப் புள்ளிகள், நடுநடுவே கண்ணாடிச் சில்லாக மின்னும் பளிங்கு. ஏறத்தாழ 42 கோடி ஆண்டுப் பழைய கிரானைட் இது. அதன் வெடிப்புகளில் கணுக்கால் உயரத்துக்குக் காட்டு புளூபெரிப் புதர்கள். பழமெல்லாம் கோடையிலேயே முடிந்துவிட்டது. இலை மட்டும் பீட்ரூட்டை நறுக்கிய கத்தியின் நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு இலை நுனியிலும் பனி ஒரு சொட்டு வைத்திருந்தது.

அப்புறம் தெற்கிலிருந்து காற்று வந்தது. மூடுபனி கலையவில்லை, பழைய வேட்டி கிழிகிறாற்போலக் கிழிந்தது. கிழிசல் வழியே முதலில் கடல், பிறகு முள்ளம்பன்றிகள் வரிசையாக நீந்துவதுபோலக் கிடக்கும் போர்க்குபைன் தீவுகள். பெயர் வைத்தவருக்குக் கண் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அதற்கும் கீழே மலைச்சரிவு. மஞ்சள், மஞ்சளுக்குள் ஆரஞ்சு, அதற்குள் ஆங்காங்கே குங்குமம் கொட்டிய மாதிரி ஒரு மேப்பிள். மனைவி ஒன்றும் பேசவில்லை. நாலரை மணி வழக்கு அத்தோடு தள்ளுபடி ஆனது.

*

இலையுதிர்காலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று நம் ஆட்கள் ஆறாகப் பிரித்த பருவங்களில் இலைக்கென்று ஒன்று இல்லை. தேவைப்படவில்லை. நம் மரங்கள் மாசி, பங்குனியில் ஆளுக்கொரு நாளில் உதிர்க்கும், உதிர்க்கும்போதே துளிர்க்கும். வேம்பு பழுக்கும், பூவரசு மஞ்சளாகும், வாசல் பெருக்குகிறவர் திட்டுவார், அவ்வளவுதான். உதிர்வதற்கு முன் இலை சிவந்துபோகிற மரம் என்று எனக்குத் தெரிந்து தெருவில் இருந்தது வாதாம் மரம் ஒன்று. அதன் பெரிய சிவப்பு இலையில் சிறுவயதில் தொப்பி செய்திருக்கிறோம். ஒரு மரம் அல்ல, ஒரு தீவே வாதாம் மரமாக மாறி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அக்டோபர் இரண்டாவது வாரத்து அகேடியா அப்படி இருக்கும்.

இதைப் பார்க்கவே கிளம்பி வருகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தில் 'லீஃப் பீப்பர்ஸ்' என்று பெயர். இலையை எட்டிப் பார்க்கிறவர்கள். கொஞ்சம் கிண்டல் கலந்த பெயர், அதை மறைப்பதும் இல்லை. பூங்கா மொத்தமே ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர்தான். ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேர் வருகிறார்கள். அவர்களில் கணிசமானோர் அந்த வாரக் கடைசியில் எங்களுக்கு முன்னால் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மணல் கடற்கரையில் வண்டி நிறுத்த இடம் தேடி முக்கால் மணி நேரம் சுற்றினோம். அப்புறம் புத்தி வந்து, காரை விடுதியிலேயே போட்டுவிட்டுத் தீவைச் சுற்றும் இலவசப் பேருந்தில் ஏறினோம். அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை விடுமுறையோடு அந்தப் பேருந்து அந்த ஆண்டுக்கு நின்றுவிடும். எங்களுக்கு இரண்டு நாள் கிடைத்தது.

பேருந்தில் போனதால்தான் அந்த வித்தியாசம் கண்ணில் பட்டது. ஓட்டுகிறவனுக்குச் சாலைதான் தெரியும், சன்னலோரம் உட்கார்ந்தவனுக்குத்தான் காடு தெரியும். தீவின் கிழக்குப் பக்கம், பார் ஹார்பர் ஊரைச் சுற்றிய மலைகளெல்லாம் வண்ணம். தென்மேற்கே போகப் போக வண்ணம் குறைந்து காடு கறுக்கிறது. ஸ்ப்ரூஸும் ஃபிர்ரும், ஊசியிலை மரங்கள், தோளோடு தோள் நெருக்கி நிற்கின்றன. அடியில் பாசி, வெளிச்சமே இல்லை. ஒரே தீவு, ஒரே மழை, ஒரே பாறை. ஒரு பக்கம் திருவிழா, மறுபக்கம் துக்க வீடு மாதிரி. மண் வேறாக இருக்குமோ என்றேன். மகள் போனில் தேட ஆரம்பித்தாள். விடை எங்கள் விடுதிக்காரரிடம் இருந்தது.

எழுபதைத் தாண்டியவர். காலையில் அவரே காப்பி ஊற்றுவார். கேட்டதும், "அதுவா? அது எரிந்த பக்கம்" என்றார்.

*

1947. கோடையில் தொடங்கிய வறட்சி அக்டோபரிலும் முடியவில்லை. நூறு நாளுக்கும் மேலாகச் சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. ஊர்க்கிணறுகள் வற்றின. இலைகள் வழக்கம்போல நிறம் மாறி, வழக்கத்துக்கு மாறாகக் காகிதமாய்க் காய்ந்து விழுந்தன. அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி அளவில், ஹல்ஸ் கோவ் பக்கத்தில் ஒரு குப்பைமேட்டுக்கு அருகே, கிரான்பெரி விளையும் சதுப்பிலிருந்து புகை வருவதாகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் வந்தது. எப்படிப் பற்றியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பழம் பறிக்க வந்தவர் போட்ட சிகரெட் என்பார்கள், குப்பையில் கிடந்த உடைந்த கண்ணாடி வெயிலைக் குவித்தது என்பார்கள்.

முதல் மூன்று நாளில் எரிந்தது 169 ஏக்கர்தான். அணைத்துவிட்டோம் என்றுகூடச் சிலர் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்தக் காட்டின் தரை மண்ணே இல்லை. ஆண்டாண்டாக விழுந்து மக்காமல் கிடந்த ஊசியிலையும் வேரும் பின்னிய மெத்தை அது. தீ அதற்குள் இறங்கிப் பதுங்கிக்கொண்டு, மேலே அணைத்தால் நாலடி தள்ளி எழுந்தது. 21-ஆம் தேதி காற்று பலக்க, இரண்டாயிரம் ஏக்கர் ஆனது. 23-ஆம் தேதி வியாழக்கிழமை பிற்பகலில் காற்று திசை மாறிப் புயலாக வீசியது. மூன்று மணி நேரத்துக்குள் தீ ஆறு மைல் ஓடியது. போன பாதையின் அகலம் மூன்று மைல்.

பார் ஹார்பர் ஊரைவிட்டு வெளியேறும் சாலைகளைத் தீ அடைத்துக்கொண்டது. மைதானத்தில் கூடியிருந்த சனங்களைப் படகுத்துறைக்கு ஓட்டினார்கள். முன்னால் கடல், பின்னால் தீ. சுற்றுவட்டார மீனவர்கள், விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும்கூட, லாப்ஸ்டர் பிடிக்கிற சிறு படகுகளைக் கொந்தளிக்கும் நீரில் விட்டுக்கொண்டு வந்தார்கள். குறைந்தது 400 பேர் கடல்வழி தப்பினார்கள். விடுதிக்காரரின் அப்பா அவர்களில் ஒருவராம். கையில் ஒரு பூனையும், எதற்கென்று தெரியாமல் எடுத்துவந்த ஒரு சுவர்க்கடிகாரமும். "பூனை அன்றைக்கே ஓடிப்போச்சு, கடிகாரம் அதோ" என்று காட்டினார். அது ஓடவில்லை. இரவு ஒன்பது மணிக்குள் புல்டோசர் கொண்டு ஒரு சாலையைத் திறந்தார்கள். 700 கார்களில் 2,000 பேர், இருபுறமும் தணல் பறக்க, ஒன்றன்பின் ஒன்றாகப் போனார்கள்.

தீ கடைசியில் கடலைப் போய் முட்டித்தான் நின்றது. முழுக்க அணைந்துவிட்டது என்று அறிவிக்க நவம்பர் 14 ஆயிற்று. அதற்குள் 17,188 ஏக்கர் போயிருந்தது, பத்தாயிரத்துக்கும் மேல் பூங்கா நிலம். 170 குடியிருப்பு வீடுகள், 5 விடுதிகள். ஆராய்ச்சிக்கென எலிகளை வளர்க்கும் ஜாக்சன் ஆய்வகமும் எரிந்தது. தங்களுக்கு அங்கிருந்து வந்த எலிகளின் வாரிசுகளை உலகெங்கும் இருந்து விஞ்ஞானிகள் திருப்பி அனுப்பி அதை மறுபடி தொடங்க வைத்தார்கள். எனக்கு இந்தச் செய்திதான் ரொம்பப் பிடித்தது. கூடவே, 'கோடீசுவரர் வரிசை' என்று பெயர்பெற்ற கடற்கரைச் சாலையில் 67 மாளிகைகள். முப்பது அறை வைத்துக் கட்டிவிட்டு அவற்றைக் 'காட்டேஜ்' என்று சொல்லிக்கொண்டவர்கள் அந்தப் பணக்காரர்கள். பெரும்பாலானவற்றைத் திரும்பக் கட்டவில்லை. வருமானவரியும் பொருளாதார மந்தமும் உலகப்போரும் அந்த வாழ்க்கையை ஏற்கெனவே பாதி முடித்துவைத்திருந்தன. இன்று அந்த இடங்களில் மோட்டல்கள். நாங்கள் தங்கியதும் அப்படி ஒரு மனையில்தான்.

இந்த ஊருக்கு 1796-லிருந்து 1918 வரை அதிகாரப்பூர்வப் பெயர் ஈடன். ஏதேன் தோட்டம். பெயரை மாற்றி இருபத்தொன்பது வருடம் கழித்துத்தான் எரிந்தது என்பதால் பைபிளைக் குறை சொல்ல முடியாது.

சரி, வண்ணத்துக்கு வருவோம். தீக்கு முன் கிழக்குப் பக்கத்திலும் பெரும்பாலும் அந்தக் கறுத்த ஊசியிலைக் காடுதான். ஸ்ப்ரூஸ் நிழலைத் தாங்கும் மரம், தானும் கடும் நிழல் கொடுக்கும், வேறெதையும் அடியில் முளைக்க விடாது. பிர்ச், ஆஸ்பன் போன்றவை வெயில் பிள்ளைகள். தீ கூரையைப் பிரித்து வெயிலை இறக்கியதும், இறகு முளைத்த பொடி விதைகள் காற்றில் வந்து சாம்பலில் விழுந்தன. எரிந்த மரங்களின் உயிருள்ள அடிக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் மேப்பிளும் ஆஸ்பனும் வெடித்துக் கிளம்பின. யாரும் நட்டுப் பராமரித்த காடல்ல. இலையுதிர்காலக் காட்டைத் தீ என்று வர்ணிப்பது எழுதுகிறவர்கள் தேய்த்துத் தேய்த்து ஓட்டையாக்கிய உவமை. இந்தத் தீவில் மட்டும் அதைச் சொல்ல ஒரு நியாயம் இருக்கிறது. இத்தனை பேர் பார்க்க வருகிற அந்த மஞ்சளும் சிவப்பும் ஓர் அக்டோபரின் நாசத்தில் முளைத்தவை, ஒவ்வோர் அக்டோபரும் அதே வாரத்தில் வந்து நிற்கின்றன.

*

சாம்பிளேன் என்ற பிரெஞ்சுக்காரர் 1604 செப்டம்பரில் கப்பலில் வந்து, உச்சிகளில் மரமில்லாததைப் பார்த்து இதற்கு 'மொட்டை மலைகளின் தீவு' என்று பெயரிட்டார். மவுண்ட் டெசர்ட் என்பது அதன் மிச்சம். அவருக்கு முன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இங்கே வந்துபோன, வாழ்ந்த மக்கள் வபனாக்கிகள். அந்தச் சொல்லுக்கு விடியல் நாட்டார் என்று பொருள். முதல் சூரியனுக்கு அவர்கள் முன்பதிவு செய்ததில்லை.

பூங்கா உண்டானது பணக்காரர்களின் பயத்தால். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எங்கு வேண்டுமானாலும் தூக்கிப்போகக் கூடிய பெட்ரோல் மர அறுவை யந்திரம் வந்தது. தங்கள் மாளிகைக்குப் பின்னால் இருக்கும் மலையை யாராவது சிரைத்துவிடுவார்களோ என்று கவலைப்பட்டார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த சார்ல்ஸ் எலியட்டும் ஜார்ஜ் டோர் என்பவரும் 1901-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, மலையாக, குளமாக, துண்டு துண்டாக நிலத்தைச் சேர்த்து அரசாங்கத்துக்குக் கொடுத்தார்கள். 1919-ல் லாஃபயெட் தேசியப் பூங்கா ஆனது, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே முதல் தேசியப் பூங்கா. 1929-ல் பெயர் அகேடியா. டோர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடும்பச் சொத்தை இதிலேயே கரைத்து, கடைசிக் காலத்தில் கண்பார்வையும் போய், 1944-ல் இறந்தார். தீயைப் பார்க்காமல் போனார் என்பது ஒரு ஆறுதல்.

இன்னொருவர் ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியர். பெட்ரோலில் சம்பாதித்த குடும்பம். அவருக்கோ தீவுக்குள் மோட்டார் வருவதே பிடிக்கவில்லை. 1913-லிருந்து 1940 வரை குதிரை வண்டிக்கென்றே சாலை போட்டார், பூங்காவுக்குள் 45 மைல், கூடவே கல் பாலங்கள். இன்றும் அந்தச் சாலைகளில் மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை. நடக்கலாம், சைக்கிள் விடலாம், குதிரை போகலாம். ஓரத்தில் வண்டி சரியாமலிருக்க நட்டிருக்கும் முரட்டுக் கல் வரிசையை 'ராக்பெல்லரின் பற்கள்' என்கிறார்கள். உலகத்தையே பெட்ரோலில் ஓடவிட்ட பணம் இந்த ஒரு மூலையில் மட்டும் காரை வெளியே நிறுத்தியிருக்கிறது. குறை சொல்லத் தோன்றுகிறது, ஆனால் நடந்து பார்த்தால் வாய் அடைத்துப்போகிறது. அவ்வளவு அமைதி.

ஜோர்டன் குளத்தங்கரையில் புல்வெளியோடு ஒரு தேநீர் விடுதி இருக்கிறது. எதிரே 'பபுள்ஸ்' என்று இரண்டு உருண்டைக் குன்றுகள். பெரிய தீ இந்த விடுதி வரை வரவில்லை. அதில் தப்பித்தது 1979-ல் தனியாக ஒருநாள் எரிந்து, மறுபடி கட்டப்பட்டது. இங்கே பாப்ஓவர் சாப்பிடாமல் போகக் கூடாது என்று மகள் சொல்லியிருந்தாள். வந்தது. கோபுரம்போல உப்பிய ஒரு ரொட்டி. பிய்த்தால் உள்ளே ஆவி, வேறொன்றும் இல்லை. அதில் வெண்ணெயும் ஸ்ட்ராபெரி ஜாமும் வைத்து அடைக்க வேண்டும்.

"ஏங்க, பூரிதானே இது?" என்றாள் மனைவி.

"முட்டை போட்டது."

கையிலிருந்ததை என் தட்டுக்குத் தள்ளிவிட்டு, ஜாமை மட்டும் ஸ்பூனால் சாப்பிட்டாள். இரண்டு பாப்ஓவரையும் நானே முடித்தேன்.

இலை ஏன் நிறம் மாறுகிறது என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது மகள் சொன்னாள். உயிரியல் படித்தவள். பகல் குறைந்ததும் மரம் பச்சையத்தைப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுகிறது, இலையில் இருக்கும் சத்தைக் கிளைக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சை வடிந்ததும் உள்ளே முதலிலிருந்தே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது, கேரட்டுக்கு நிறம் தருகிற அதே வகைப் பொருள். சிவப்பு அப்படியல்ல. அதை இலை புதிதாகத் தயாரிக்கிறது. நாவல்பழத்தைக் கறுக்க வைக்கும் நிறமியின் குடும்பம். பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்தால் சிவப்பு தூக்கும். சாகப்போகிற இலை எதற்காகச் செலவு செய்து புதிதாக ஒரு நிறத்தை உண்டாக்க வேண்டும்? அதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பிறகு காம்பின் அடியில் தக்கைபோல ஒரு அடுக்கு வளர்ந்து, இலையின் கதவைச் சாத்துகிறது. நாம் இலை உதிர்கிறது என்கிறோம். மரம் பிடித்துத் தள்ளுகிறது என்பதுதான் சரி.

*

மேற்குப் பக்கத்துக்கு 'அமைதியான பக்கம்' என்று பெயர். கார் எடுத்துக்கொண்டு பாஸ் ஹார்பர் போனோம். இங்கே வண்ணமெல்லாம் தண்ணீரில்தான். துறைமுகம் முழுக்க மிதவைகள். ஒவ்வொரு லாப்ஸ்டர்காரருக்கும் ஒரு வண்ணச் சேர்க்கை, கடலடியில் கிடக்கும் கூட்டுக்கு அடையாளமாக அது மேலே மிதக்கும். அதே வண்ணத்தைப் படகிலும் மாட்டியிருக்க வேண்டும். அடுத்தவன் கூட்டைத் தூக்கினால் சட்டம் வருவதற்கு முன் ஊர் வந்துவிடும். ஒருவருக்கு 800 கூடுதான் உச்சவரம்பு.

கரையில் ஒருவர் பிடித்து வந்ததைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நம் கடலில் அகப்படும் சிங்கி இறாலுக்குக் கொடுக்கு கிடையாது, நீண்ட முள் மீசைதான். இங்குள்ளதற்கு இரண்டு கொழுத்த கொடுக்குகள், இரண்டுக்கும் ரப்பர் வளையம். பித்தளை அளவுகோலை வைத்து முதுகு ஓட்டை அளந்தார். கண்குழியிலிருந்து மூன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தாலும் கடலுக்கு, ஐந்து அங்குலத்தைத் தாண்டினாலும் கடலுக்கு. ஆனால் அதெல்லாம் பெரும்பாலும் படகிலேயே முடிந்திருக்கும், எங்களுக்குக் காட்டுவதற்காக ஒருமுறை வைத்துப் பார்த்தார். வயிற்றில் முட்டையோடு ஒரு பெண் அகப்பட்டால் வால் செதிலில் ஆங்கில வி எழுத்துபோல ஒரு வெட்டு வெட்டித் திருப்பி விட்டுவிடுவார்களாம். அந்த வெட்டு தெரிகிறவரை, முட்டை இல்லாவிட்டாலும், வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. முன்பின் தெரியாத இன்னொரு மீனவனுக்கு எழுதுகிற கடிதம் மாதிரி. விறகடுப்பில் கடல்நீர் கொதிக்கும் ஒரு கடையில் நானும் மகளும் ஆளுக்கொன்று சாப்பிட்டோம். மனைவி புளூபெரி பை சாப்பிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் என் முட்டாள்தனம் ஒன்று. பார் ஹார்பர் ஊருக்கு எதிரே பார் தீவு இருக்கிறது. கடல் வற்றும்போது இடையில் கூழாங்கல் திட்டு ஒன்று எழும்பி, தெரு மாதிரி அகலமாகக் கிடக்கும், நடந்தே போகலாம். வற்றின நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் மட்டும். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பத்துப் பன்னிரண்டு அடி வித்தியாசம். பலகையில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறது. நேரத்தையும் பார்த்தேன். தீவின் உச்சியிலிருந்து ஊரைப் படம் எடுக்கலாம் என்று கூடுதலாக இருபது நிமிடம் நின்றதுதான் தப்பு. திரும்பி வரும்போது திட்டு இரு ஓரமும் சத்தமே இல்லாமல் குறுகிக்கொண்டிருந்தது. நம் கடல் வருவதென்றால் அலையோடு, ஆரவாரத்தோடு வரும். இது பாத்திரத்தில் நீர் நிறைவதுபோல வந்தது. கடைசி முப்பது அடியைக் கணுக்கால் நீரில் கடந்தோம். அந்தக் குளிர் எலும்பில் ஏறி இரவு பத்து மணி வரை இறங்கவில்லை. இந்தத் திட்டில் காரை நிறுத்திவிட்டுப் போய்க் கடலுக்குக் கொடுத்தவர்கள் உண்டு என்று விடுதிக்காரர் சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

*

கடைசி நாள் காலை டக் புரூக் பாலத்தில் ஏறி, குதிரை வண்டிச் சாலை வழியாக விட்ச் ஹோல் குளத்துக்கு நடந்தோம். சூனியக்காரிக் குழி என்று மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், சொல்லியிருக்க வேண்டாம். எரிந்த பக்கத்தின் நடு இது. இருமருங்கும் பிர்ச். வெள்ளை அடிமரத்தில் பட்டை கொய்யாப் பட்டைபோலச் சுருண்டு உரிகிறது. உள்பக்கம் காப்பிப் பொடி நிறம். வபனாக்கிகள் இந்தப் பட்டையில்தான் படகே செய்தார்கள். இமயமலையில் இதன் பங்காளி மரத்தின் பட்டையில் ஓலைக்குப் பதிலாக ஏடு எழுதியிருக்கிறார்கள். மேலே மஞ்சள் கூரை, கீழே மஞ்சள் பாய். காற்றில்லாத நேரத்திலும் இலைகள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஒன்று என் கண்ணாடிக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டது.

குளத்தோரம் ஓர் ஆஸ்பனின் அடிக்கட்டை பென்சில் சீவினாற்போல இருந்தது. பீவரின் பல் வேலை. உரோமத் தொப்பி வியாபாரம் இந்தத் தீவில் பீவர்களை ஒழித்தே விட்டிருந்தது. 1920-ல் டோர் இரண்டு சோடியைக் கொண்டுவந்து விட்டார். தீக்குப் பிறகு ஆஸ்பனும் பிர்ச்சும் கிளம்பியதும் அவற்றுக்கு விருந்து. நீரின் நடுவே குச்சியும் சேறும் குவித்து ஒரு வீடு தெரிந்தது. அந்த வீட்டுக்காரர் பகலில் வெளியே வருகிற வழக்கமில்லை.

மனைவிதான் முதலில் கவனித்தாள். "இந்தக் கறுப்புச் செடி எல்லாத்துக்கும் அடியில நிக்குதே?"

நின்றது. ஒவ்வொரு பிர்ச்சின் நிழலிலும் முழங்கால் உயரத்துக்கு, இடுப்பு உயரத்துக்கு, ஒரு ஸ்ப்ரூஸ் கன்று. அதுவரை மேலேயே பார்த்து நடந்ததால் கண்ணில் படவில்லை. ஒருமுறை பட்டதும் அது மட்டும்தான் தெரிந்தது, சாலை வளைகிற இடம் வரை. பிர்ச் நீண்ட ஆயுள் மரம் அல்ல. சாம்பலில் முளைத்தவை எண்பதை நெருங்குகின்றன. சில ஏற்கெனவே தலை உடைந்து, காளான் அடுக்கு ஏறி நின்றன. வெயில் பிள்ளைகள் போட்ட நிழலில் நிழல் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன.

மகள் ஒரு கன்றின் பக்கத்தில் குந்தினாள். ஸ்ப்ரூஸ் ஆண்டுக்கு ஒரு வட்டம் கிளை விடும், எண்ணினால் வயது கிடைக்கும் என்றாள். ஊசிகளுக்கிடையே பிர்ச் இலைகள் சிக்கி, காசு கட்டித் தொங்கவிட்டது மாதிரி இருந்தன. அவற்றை விலக்கி விலக்கி விரல் வைத்து எண்ணினாள். பத்து வரை வந்து தப்பிப்போய் மறுபடி அடியிலிருந்து தொடங்கினாள். பின்னால் சைக்கிள் மணி கேட்டது. நாங்கள் ஓரத்துக்கு, பற்களுக்கு அந்தப் பக்கமாக ஏறி நின்று வழி விட்டோம்.

"பதினாலு," என்றாள். "பதினஞ்சா இருக்கலாம்மா, அடியில மண்ணு மூடியிருக்கு."